ஐம்பது ரூபாய் மணியார்டரும் பெருஞ்சித்திரனாரும்

“இப்படைப்பு என் சொந்தக் கற்பனையே. வேறு எந்த இதழுக்கும் அனுப்பப்படவில்லை என உறுதி கூறுகிறேன்.”

வாழ்நாளில் நான் அதிகம் எழுதிய வாக்கியம் இதுதான். எந்தக் கவிதையையும் இத்தனை தடவை எழுதிப் பார்த்ததில்லை. அதற்குக் கீழே பெயர், ஊர், பின்கோடு, கையொப்பம். போட்டி அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருக்கும்: நடுவர் தீர்ப்பே இறுதியானது, கடிதப் போக்குவரத்துக்கு இடமில்லை. கடிதப் போக்குவரத்தையே பிழைப்பாக வைத்திருக்கிறவளுக்கு அந்த இரண்டாவது வரி கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

தருமபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக் கிளை அஞ்சலகம் என் பொறுப்பு. அஞ்சலகம் என்றதும் கட்டடம், கம்பிக் கவுண்டர் என்று கற்பனை செய்ய வேண்டாம். எங்கள் வீட்டு முன்னறைதான் அது. ஒரு மேசை, இரும்புப் பெட்டி, தராசு, தேதி முத்திரை, வாசல் சுவரில் சிவப்புப் பெட்டி. காகிதத்தில் என் பதவி கிராமின் டாக் சேவக். ஊருக்கு நான் தபாலம்மா. கவிஞர் என்று ஊரில் யாரும் கூப்பிட்டதில்லை. அழைப்பிதழ்களில் மட்டும் அந்த அடைமொழி வரும், அதுவும் பாதி நேரம் ‘கவிஞர் திரு.’ என்று.

இந்த வேலையில் ஒரு வசதியும் ஒரு கொடுமையும் உண்டு. கவிதையை உறையில் போட்டு, ஒட்டி, நானே முத்திரை குத்தி, நானே பையில் போட்டுக் கட்டி அனுப்புவேன். அது வசதி. பத்திரிகைகள் அந்தக் காலத்தில் ‘சுய விலாசமிட்ட, போதிய தபால்தலை ஒட்டிய உறை இணைக்கவும்’ என்று கேட்கும். இணைத்தால் படைப்பு திரும்பி வரும், இல்லாவிட்டால் குப்பைக்கூடை. நான் ஒழுங்காக இணைப்பேன். அதனால் சில வாரம் கழித்துப் பையை அவிழ்த்துக் கொட்டும்போது, முதியோர் பணம், கோர்ட் சம்மன், ராணுவத்தில் இருக்கிற பையனின் கடிதம் எல்லாவற்றுக்கும் நடுவில் என் கையெழுத்திலேயே என் விலாசம் கிடக்கும். ‘வருந்துகிறோம்’ என்ற அச்சடித்த சீட்டு உள்ளே இருப்பது உறையைத் தொட்டாலே தெரியும். அதற்கும் தேதி முத்திரை குத்தித்தான் ஆகவேண்டும். விதி அப்படி.

முதல் சன்மானம் வந்தது 2005 வாக்கில். ஒரு வார இதழில் எட்டு வரிக் கவிதை. தொடர்கதை முடிந்து மிச்சம் கிடந்த அரைப் பத்தியில், தலைவலித் தைல விளம்பரத்துக்கு மேலே போட்டிருந்தார்கள். சிறு கவிதைகளுக்கு வார இதழில் அதுதான் இடம். பக்கம் நிரம்பிவிட்டால் கவிதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். அதில் எனக்கு வருத்தமில்லை. தலைவலிக்காரர்கள் எப்படியும் அந்தப் பக்கம் பார்ப்பார்கள்.

சன்மானம் 50 ரூபாய், மணியார்டரில். அனுப்புகிறவர் 20 ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம் கமிஷன் கட்டவேண்டியிருந்தது, அதாவது 50 ரூபாய்க்கு 3 ரூபாய். மணியார்டர் படிவத்தின் அடியில் கிழித்துக் கொடுக்கிற துண்டு ஒன்று இருக்கும். அனுப்புகிறவர் நாலு வரி எழுதலாம். பெங்களூரில் கொத்து வேலை பார்க்கிற ஆண்கள் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்த நாலு வரியில்தான் குடும்பம் நடத்தினார்கள்: ‘மாட்டுக்குத் தீவனம் வாங்கு. மாமனிடம் கடன் கேட்காதே. தீபாவளிக்கு வருகிறேன்.’ எனக்கு வந்த துண்டில் ‘கவிதைச் சன்மானம்’ என்று நீல மையில் எழுதியிருந்தது. விதிப்படி படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுக்க வேண்டும். நானே எனக்குக் கையெழுத்துப் போட்டு, நானே எனக்கு 50 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

அன்றைக்கு முன்னறையில் முதியோர் பணத்துக்கு, அதாவது ஓஏபிக்கு, காத்திருந்தவர்களில் ஒரு ஆயா. எங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

“இன்னாத்துக்குக் கண்ணு உனக்குப் பணம்? உனக்கும் ஓஏபி வந்துடுச்சா?”

“பாட்டு எழுதினேன் ஆயா. புஸ்தகத்துல போட்டாங்க. அதுக்குக் குடுத்தது.”

“பாட்டுக்கா? எட்டு வரிக்கா அம்பது ரூவா?” கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். “நான் விடிய விடிய பாடுறேன். வெத்தலை பாக்குதான் குடுக்கறாங்க.”

“பணம் கேக்கறதுதானே?”

“கேப்பாங்களா அதை? வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டாத்தான் போவேன். அதை வைக்காம ஆளு மட்டும் அனுப்பி, ‘வந்து பாடிட்டுப் போ, நூறு ரூவா தரேன்’னான் ஒருத்தன். போவல.”

இதை நான் அப்போது சிரித்துவிட்டு மறந்துபோனேன். அதே சங்கதியை அவளுக்கு இரண்டாயிரம் வருடம் முன்னால் எங்கள் மண்ணில் ஒரு புலவர் சொல்லிவிட்டுப் போனது பிறகுதான் தெரிந்தது.

அதைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து ஊரில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஐயா வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய சிற்றிதழ்கள் அடுக்கி இருக்கும். சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’வின் கிழிந்த பிரதிகள், கோவையிலிருந்து 1971-இல் வந்த ‘வானம்பாடி’, அப்புறம் ‘கணையாழி’. சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமான அதே 1965-இல்தான் கணையாழியும் டெல்லியில் பிறந்தது என்று சொல்லிவிட்டு, “மாவட்டத்துக்கு ரோடு வர்றதுக்கு முன்னாலயே எனக்குக் கணையாழி வந்துருச்சு” என்பார்.

புறநானூற்றை அவர் பாடமாக நடத்தவில்லை. ஊர்ச் சங்கதியாகச் சொன்னார். தகடூர் என்பது இந்தத் தருமபுரிதான், அதியமான் இங்கே இருந்தவன், அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்தான் என்பதெல்லாம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்பிலேயே தெரியும். ஐயா எடுத்துப் போட்டது வேறு பாட்டு, 208-ஆவது. சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் பல தாண்டி அதியமானிடம் பரிசில் கேட்டு வருகிறார். அவன் என்ன வேலையில் இருந்தானோ, நேரில் பார்க்காமல் ‘இதை வாங்கிக்கொண்டு போகச் சொல்’ என்று பொருளைக் கொடுத்து அனுப்புகிறான். புலவருக்கு வந்ததே கோபம். என்னைப் பார்க்காமல், என்னை எப்படி அறிந்து கொடுத்தான்? ‘காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்.’ என் தகுதி அறிந்து, மதித்துக் கொடுத்தால் தினையளவு போதும்.

தினை எங்கள் பக்கத்துப் பயிர். அதன் அளவு எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

அவ்வையே ஒரு முறை, அதியமான் பரிசில் தராமல் நாள் கடத்தியபோது, வாயில்காவலனைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். ‘வாயிலோயே, வாயிலோயே’ என்று தொடங்கும் 206-ஆவது பாட்டு. உன் அரசனுக்குத் தன்னைத் தெரியாதா, இல்லை என்னைத் தெரியாதா என்று கேட்டுவிட்டு, மூட்டையைக் கட்டியாயிற்று, ‘எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே’ என்று கிளம்புகிறாள். தச்சன் வீட்டுப் பிள்ளைகள் கோடாலியோடு காட்டுக்குள் போனால் மரத்துக்குப் பஞ்சமா என்பது அவள் வாதம். அதில் அவள் புலவர்களைச் சொல்லும் தொடர் ஒன்று இருக்கிறது, ‘வரிசைக்கு வருந்தும் இப் பரிசில் வாழ்க்கை’. பொருளுக்கு வருந்துகிறவர்கள் இல்லையாம், வரிசைக்கு, அதாவது மரியாதைக்கு, வருந்துகிறவர்கள். அதைப் படித்தபோதுதான் ஆயாவின் வெற்றிலை பாக்கு ஞாபகம் வந்தது.

ஐயா இதோடு விடமாட்டார். “இன்னொண்ணு கேளு பாப்பா. பழைய பாட்டுக்குக் கிடைச்ச பெரிய பரிசுகள்ல ஒண்ணு நம்ம ஊரை வச்சுத்தான் கிடைச்சுது. ஆனா பாடினவரு நம்மாளைப் பாடல. தகடூரை அடிச்சு வீழ்த்தின பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடினாரு.” சேர அரசர்களைப் பாடும் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து. பாடியவர் அரிசில் கிழார். ஒன்பது நூறாயிரம் காணம் பொன், கூடவே அரசு கட்டிலையும், அதாவது சிம்மாசனத்தையும், எடுத்துக்கொள்ளச் சொல்லி அரசனும் அரசியும் அரண்மனைக்கு வெளியே வந்து நின்றார்களாம். அவர் ‘நீயே ஆள்’ என்று சொல்லி அமைச்சுப் பதவியை மட்டும் ஏற்றுக்கொண்டார் என்கிறது பதிகம். “தோத்தவனைப் பாடினவளுக்கு நெல்லிக்காய், ஜெயிச்சவனைப் பாடினவனுக்கு ஒன்பது லட்சம்” என்று ஐயா சிரிப்பார். போட்டிகளுக்கு அனுப்பும்போது தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரியாது.

வெண்பாவும் அவரிடம்தான். பல போட்டிகளில் ஈற்றடியை, அதாவது கடைசி அடியை, கொடுத்து வெண்பா எழுதச் சொல்வார்கள். புதுக்கவிதை எழுதுகிறவர்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள், அதனால் போட்டியாளர்கள் குறைவு, பரிசுக்கு வாய்ப்பு அதிகம். இந்தக் குறுக்குப் புத்தியோடுதான் நான் போனேன். ஐயா என் வேலைக்குப் பொருத்தமாக ஒரு ஈற்றடி கொடுத்தார்: ‘ஊருக்குள் வந்த தபால்’. குறள் வெண்பாவாக எழுதிக்கொண்டு வா என்றார். நான் ‘பெய்யாத மழைக்கு’ என்று தொடங்கியிருந்தேன். முதல் இரண்டு சீரைப் பார்த்ததுமே பேனாவை வைத்துவிட்டார்.

“பெய்-யா-த. தேமாங்காய். அடுத்து மழை, ரெண்டு எழுத்து சேர்ந்த நிரையசையில தொடங்குது. காய் முன் நிரை வந்தா கலித்தளை. வெண்பா அங்கயே செத்துப்போச்சு. காய் முன் நேர் கொண்டா.”

‘மழைக்கு’ என்ற சொல்லை எடுக்க எனக்கு மனசில்லை. எங்கள் ஊரில் மழையை விட்டுவிட்டு என்ன எழுதுவது? மழைக்கு முன்னால் ஒரு நேரசையை ஒட்டவைத்தால் தீர்ந்தது என்று மறுநாள் பை கட்டிக்கொண்டிருக்கும்போது பிடிபட்டது.

வாராத நன்மழைக்கு வானத்தைப் பார்த்திருக்கும்
ஊருக்குள் வந்த தபால்.

நன்-மழைக்-கு, கூவிளங்காய். தளை தட்டவில்லை. ஐயா இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, “பெய்யாத மழையைவிட வாராத மழை நல்லாருக்கு. தளை தட்டினது நல்லதுக்குத்தான்” என்றார். யாப்பு கையைக் கட்டிப்போடும் என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். இலக்கணம் ஒரு சோம்பேறிச் சொல்லைப் பிடுங்கிக்கொண்டு நல்ல சொல்லைத் தேட அனுப்பியது.

அந்தக் குறள் ஒரு நூலக வார விழாவில் இரண்டாம் பரிசு வாங்கியது. நவம்பர் 14 முதல் 20 வரை கிளை நூலகங்களில் நடக்குமே, அதில். பரிசு எவர்சில்வர் தட்டு. நடுவில் பெயர் வெட்டியிருந்தது, அதிலும் ‘திரு.’தான். அதற்குப் பிறகு வந்தவற்றை வரிசையாகச் சொன்னால் சமையலறைச் சாமான் பட்டியல் ஆகிவிடும்: டிபன் பாக்ஸ், சில்வர் குடம், ஒரு முறை சுவர்க் கடிகாரம். கேடயங்கள் மட்டும் எதற்கும் உதவாது, பரண்மேல் கிடக்கின்றன. அத்தைக்கு என் எழுத்தில் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அந்தத் தட்டை யாருக்கும் தரமாட்டார். கூழ் வடகம் பிழிய அகலம் சரியாக இருக்கிறதாம். “அடுத்த தடவை இதே சைஸ்ல இன்னொண்ணு வாங்கியா” என்றார், முதல் பரிசோ மூன்றாம் பரிசோ, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்கிற தோரணையில்.

2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் போனது. ஓசூர்க் கவிஞர்கள் அந்தப் பக்கம் போய்விட்டதால் மாவட்ட அளவிலான போட்டிகளில் எங்கள் பக்கம் நெரிசல் குறைந்தது என்று ஐயா சொல்வார். நிர்வாகச் சீர்திருத்தத்தின் இந்தப் பலனை எந்த அரசாணையிலும் பார்க்க முடியாது.

இப்போதைய பிள்ளைகளுக்கு நல்ல காலம். தமிழ் வளர்ச்சித் துறை பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மாவட்டந்தோறும் கவிதைப் போட்டி வைக்கிறது. முதல் பரிசு 10,000 ரூபாய், இரண்டாவது 7,000, மூன்றாவது 5,000. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் மூன்றாம் பரிசு வாங்கி வந்தான். ஒரே பகலில் நான் அதுவரை கவிதையில் சம்பாதித்ததைத் தாண்டிவிட்டான். எங்கள் தபால் துறையே ‘டாய் ஆக்கர்’ என்று கடிதம் எழுதும் போட்டி நடத்துகிறது. இன்லேண்டில் என்றால் 500 சொல், உறையில் வைத்தால் 1,000 சொல், கையால் எழுத வேண்டும், தமிழிலேயே எழுதலாம். மாநில அளவில் முதல் பரிசு 25,000. இன்லேண்டு விற்கிற வேலை என்னுடையது என்பதால் பள்ளிக்கூடத்துக்குக் கட்டாக எடுத்துப்போய்க் கொடுப்பேன். பிள்ளைகள் முதலில் கேட்கிற சந்தேகம், இதை எப்படி மடிப்பது என்பதுதான்.

இனி நான் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

சில வருடம் முன் கைப்பேசிக்கு ஒரு வாழ்த்துச் செய்தி. தங்கள் கவிப்பணியைப் பாராட்டிப் பட்டமும் விருதும் வழங்க நடுவர் குழு ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துள்ளது. பட்டத்தின் பெயர் ‘கவி’ என்று தொடங்கி ஏதோ ஒரு வெளிச்சப் பொருளில் முடிந்தது. நான் பதிலுக்கு, என்னுடைய எந்தக் கவிதையைப் படித்தீர்கள் என்று கேட்டேன். “பதிவுக் கட்டணம் 1,500 மேடம். சால்வை, கேடயம், சான்றிதழ், மதியச் சாப்பாடு. குடும்பத்தார் வந்தால் சாப்பாட்டுக்குத் தனி” என்று வந்தது பதில். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை என்று முதலில் நினைத்தேன். யோசித்தால் அதைவிட நேர்மையான பதில் கிடையாது.

இது ஒரு இடத்துச் சங்கதி இல்லை. தொகுப்பு நூல் போடுகிறோம் என்பார்கள், பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால் கவிதை வரும், இரண்டு பிரதி இலவசம். தொகுப்பாசிரியர் திருத்துவதும் கிடையாது, திருப்பி அனுப்புவதும் கிடையாது. இருபத்துநாலு மணி நேரச் சாதனைக் கவியரங்கம் என்பார்கள், விடியற்காலை மூன்று மணிக்கு உங்கள் முறை வரும், எதிரில் அடுத்து வாசிக்கப் போகிறவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். முகநூலில் தினமும் ஒரு படம் போட்டு மூன்று வரி எழுதச் சொல்வார்கள். எழுதிய எல்லோருக்கும் சாயங்காலம் வண்ணச் சான்றிதழ். பெருஞ்சித்திரனார் பார்க்காமல் கொடுத்த பொருளை வேண்டாம் என்று திருப்பியவர். நாம் பார்க்காமல் கொடுக்கிறவனுக்கு நம் கைப்பணத்தையும் கட்டுகிறோம். வாணிகப் பரிசிலன் என்று அவர் சொன்னதில் கொடுக்கிறவன் வணிகனா வாங்குகிறவன் வணிகனா என்ற குழப்பமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

ஆனாலும் இதை முழுக்கக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. காரிமங்கலம் பக்கம் தையல் கடை வைத்திருக்கிற ஒரு தோழி அந்த 1,500 கட்டிப் பட்டம் வாங்கினாள். சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறாள். அதற்கு முன்னால் கூட்டத்துக்குப் போகிறேன் என்றால் வீட்டில் நாலு கேள்வி வரும். பட்டத்துக்குப் பிறகு அவள் புருஷனே பஸ் ஏற்றிவிடுகிறான். மொத்தமாக எழுதாமல் போயிருக்க வேண்டியவள் இன்றைக்கும் எழுதுகிறாள். நான் கட்டவில்லை. அவளைக் கட்டாதே என்று சொல்லவும் இல்லை.

எனக்குக் கிடைத்ததில் நான் பெரிதாக மதிப்பது பரிசு வராத ஒரு போட்டி. முதியோர் பணம் வாங்க வரும் ஆயாக்களைப் பார்த்து எழுதிய கவிதை அது. கைநாட்டு வைத்துப் பணம் வாங்குவார்கள், கட்டைவிரலில் மை அப்படியே இருக்கும்.

மை காயும் வரை
விரலை ஊதிக்கொண்டே
நோட்டை எண்ணுகிறாள்.
படிக்கத் தெரியாதவள் வரைந்த
ஒரே ஓவியம்
அரசாங்கக் கணக்கில்.

முடிவு அறிவித்துப் பெயர் இல்லை என்று தெரிந்து வெகுநாள் கழித்து ஒரு அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் தன் பெயரைப் போடவில்லை, அந்தப் போட்டியின் நடுவர்களில் ஒருவன் என்று மட்டும் சொல்லியிருந்தார். மொத்தம் மூன்றே வாக்கியம். ‘முதல் மூன்று வரியில் கவிதை முடிந்துவிட்டது. பின் மூன்று வரி எங்களுக்குப் புரியாதோ என்று பயந்து எழுதியது. வெட்டிவிட்டு வேறு எங்காவது அனுப்புங்கள்.’ எனக்கு முதலில் சுருக்கென்றது. அந்த ‘ஓவியம்’தான் என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். இரண்டு நாள் அட்டையை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெட்டினேன். மூன்று வரியாக அனுப்பியதும் ஒரு சிற்றிதழ் போட்டது. சன்மானம் கிடையாது, இதழ் ஒரு பிரதி. கடிதப் போக்குவரத்துக்கு இடமில்லை என்று விதி போட்ட குழுவில் இருந்த ஒருவர் விதியை மீறி 50 காசு அட்டை வாங்கி எழுதியிருக்கிறார். யாரென்று இன்றுவரை தெரியாது. தினையளவு என்று பெருஞ்சித்திரனார் சொன்னது என் கணக்கில் அந்த அட்டைதான்.

புத்தகம் போட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோருடைய கதையும் ஒன்றுதான். கூட்டுறவு சங்கத்தில் கம்மலை வைத்துப் பணம் எடுத்தேன். டெம்மி அளவில் 96 பக்கம், 16 பக்கத்துக்கு ஒரு ஃபாரம் வீதம் ஆறு ஃபாரம். 300 பிரதி. அரசு நூலகங்களுக்கு வாங்குவார்கள் என்று நூலக ஆணையை நம்பி ஆயிரம் அடித்துவிடாதீர்கள் என்று தருமபுரி டிடிபி கடைக்காரர் தடுத்தார், நல்ல மனுஷன். ஐஎஸ்பிஎன் எண் வாங்க அரசுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அதை வாங்கித் தர ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், ஏமாறாதீர்கள். வெளியீட்டு விழாவில் பதினோரு பேர் வாழ்த்துரை வழங்கினார்கள். ஏற்புரைக்கு என் முறை வந்தபோது மைக்செட்காரர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்.

விற்பனைதான் வேடிக்கை. செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் என்று ஐயா சொன்னதைக் கேட்டு நானும் பையோடு பள்ளிக்கூடங்களுக்குப் போனேன். அதில் ஒரு டீச்சர் தன் பெண்ணின் கல்யாணத்துக்கு ஐம்பது பிரதி கேட்டார், தாம்பூலப் பையில் போட. கல்யாணத்தன்று வாசலில் நின்று பார்த்தேன். பையைத் திறந்து பார்த்த ஒரு பெரியவர், “தேங்காய் எங்கம்மா?” என்று புத்தகத்தைத் தூக்கி அடியில் தேடினார். தேங்காயும் இருந்தது. நிம்மதியாகப் போனார்.

விற்றதைவிட எனக்குத் திருப்தி கொடுத்தது வேறு நாலு பிரதி. 1954-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் புத்தகம் போடுகிற பதிப்பாளர் 30 நாளுக்குள் சொந்தச் செலவில் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி என்று நாலு நூலகத்துக்குப் பிரதி அனுப்ப வேண்டும். சொந்தமாகப் போடுகிறவர்கள் பெரும்பாலும் அனுப்புவதில்லை. நான் அனுப்பினேன். கட்டும்போது வீட்டுக்காரர் கேட்டார்: “கல்கத்தாவுல யாரு தமிழ் படிக்கப் போறா?”

யாரும் படிக்காமல் இருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்க்காரி அப்படி யோசிக்க முடியாது. அதியமானுக்கும் சேரனுக்கும் நடந்த போரைப் பற்றித் ‘தகடூர் யாத்திரை’ என்று ஒரு நூல் இருந்தது. முழு நூல் போய்விட்டது. பிற்காலத்தில் ‘புறத்திரட்டு’ தொகுத்தவர் பிடித்துப்போய் எடுத்து வைத்த பாட்டுகளும், பழைய உரைகாரர்கள் மேற்கோள் காட்டியவையும்தான் இன்று கையில் இருக்கின்றன. எங்கள் ஊரின் பெரிய காவியமே எவனோ ஒரு தொகுப்பாசிரியன் படித்துத் தேர்ந்தெடுத்ததால் மிஞ்சியது. பக்கத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு அவன் தொகுத்திருந்தால் எது மிஞ்சியிருக்கும் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

இப்போது இரண்டாவது தொகுப்பு வேலை நடக்கிறது. இந்த முறை தேவைக்கேற்ப அச்சடிக்கிற முறை, நூறு பிரதி போதும், கம்மல் காதிலேயே இருக்கும். கடைசிப் பகுதியாக ஆயாவின் ஒப்பாரிகளை அவள் பெயரிலேயே போடலாம் என்று கேட்டேன். வயது எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும், குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது, பாட்டு உடையவில்லை. வெற்றிலை பாக்கு வைத்துத்தான் கேட்டேன். எடுத்துக்கொண்டாள். ஆனால் சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி வைக்கக்கூடாது, உன் வீட்டிலும் பாடமாட்டேன், என் வீட்டிலும் பாடமாட்டேன் என்றுவிட்டாள். கடைசியில் ஊருக்கு வெளியே கொல்லைப் பக்கம் போவதென்று முடிவானது. அதுவும் செவ்வாய், வெள்ளி ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை புளியமரத்தடியில் நோட்டோடு உட்கார்ந்தோம். புருஷன் செத்ததற்குப் பாடுவது, தாய் செத்ததற்குப் பாடுவது, கட்டிக்கொடுத்த ஊரில் இருந்து வந்து சேர முடியாதவள் பாடுவது என்று தனித்தனியாகப் பிரித்துச் சொன்னாள். கைப்பேசியில் பதிவு செய்யட்டுமா என்றதற்கு, “அது திருப்பித் திருப்பிப் பாடும், சாவு திருப்பித் திருப்பி வரும், வேணாம்” என்றாள். அதனால் கையால் எழுதுகிறேன். அவள் வேகத்துக்கு என் கை ஓடவில்லை. ஒரு பாட்டின் பாதியில் எழுந்துவிட்டாள், பேத்தி வீட்டில் சீர் இருக்கிறதாம், நேரமாகிவிட்டதாம். மீதிப் பாதி அடுத்த ஞாயிறு.